எட்டு சதுர அடி கேட்கிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். பெங்களூரில் வீட்டுக்காரர்கள் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே போட்டு வைத்திருக்கும் ராம்ப், பூந்தொட்டி, கல் பெஞ்சு, தண்ணீர் டிரம் எதையும் விடாமல் ஜேசிபி வைத்து வாரிவிட வேண்டுமாம். காலில் அடிபட்டவர் எழுதிய கடிதம் என்று படித்ததும் தெரிந்தது. கோபம் நியாயமானதுதான். நானும் இந்த ஊர் நடைபாதையில் இரண்டு முறை விழுந்து எழுந்தவள். ஆனாலும் அவருடைய பட்டியலில் உள்ள கல் பெஞ்சைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வெளியூர்க்காரிக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். கேட்டாலும் தப்பில்லை. நான் சிங்கப்பூர்க்காரி. தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். நான் பிறந்தது சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டு மாடியில். கணவருக்கு இங்கே வேலை மாற்றலாகி 2022இல் பெங்களூர் வந்தோம். அல்சூரை அடுத்த ஜோகுபாளையாவில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். உங்கள் பத்திரிகை தினமும் காலையில் சுருளாகக் கேட்டைத் தாண்டிப் பறந்து வந்து, கீழ்வீட்டு அம்மாவின் துளசி மாடத்தில் மோதி விழும். அந்த அம்மா தலைப்புச் செய்திகளைப் படித்து முடித்த பிறகுதான் எனக்கு மாடிக்கு வரும்.

சிங்கப்பூரில் நான் 28 வருடம் ஒரு நகர மன்ற அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வேலை என்னவென்றால், வீட்டுக்கு வெளியே கிடக்கும் சாமான்களை உள்ளே எடுக்கச் சொல்வது. வேடிக்கையாகச் சொல்லவில்லை, அதுதான் வேலை. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற அரசு அமைப்பு கட்டிய அடுக்குமாடிகளில் வீடுகளுக்கு முன்னால் நீளமாக ஒரு பொது நடைவழி ஓடும். சைக்கிள், செருப்பு அலமாரி, காகிதப்பூச் செடி, சீனர் வீட்டு வாசலில் ஊதுபத்தி செருகிய சிவப்புத் தகர டப்பா, நோன்புப் பெருநாள் வந்தால் மலாய்க்காரர் வீட்டு வாசலில் மலையாகக் குவியும் செருப்பு, எல்லாம் அந்த வழியில்தான். தீப்பிடித்தால் ஆள் ஓட வேண்டும், ஸ்ட்ரெச்சர் போக வேண்டும், அதனால் 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. மாடி மாடியாக ஏறி, அளவு நாடாவை விரித்து, "ஆன்ட்டி, இந்தத் தொட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க" என்று மூன்று பாஷையில் கெஞ்சியிருக்கிறேன். அளவு நாடா இன்னமும் கைப்பையில் இருக்கிறது. பழக்க தோஷம்.

அந்த நாடாவோடு பெங்களூர்த் தெருவில் இறங்கியவளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முதல் மாதம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

வீட்டுக்கு வெளியே என்னதான் இல்லை! கேட்டில் பால் பாக்கெட்டுப் பை, பூப் பொட்டலம். வாசல் கம்பியில் கட்டித் தொங்கும் நீலத் தண்ணீர் பாட்டில். அது நாய்க்காம். நீலத்தைப் பார்த்தால் நாய் கிட்ட வராதாம். எங்கள் தெரு நாய் ஒன்று அந்த பாட்டிலின் நிழலில்தான் மத்தியானம் தூங்கும். மாடி முகப்பில் நாக்கை நீட்டிய திருஷ்டி முகம். (சிங்கப்பூரில் இதே வேலைக்குச் சீனர்கள் எட்டுமூலைக் கண்ணாடியை வாசல்மேல் மாட்டுவார்கள். நம் பூசணிக்காய்க்கும் அதற்கும் ஆபீஸ் ஒன்றுதான், கிளை வேறு.) எலுமிச்சை, மிளகாய், உடைந்த தேங்காய், சம்ப்பை நிரப்ப வந்த டேங்கரின் குழாய். போதாதற்கு "நாயி இதெ எச்சரிக்கெ" என்ற பலகை. நான் கன்னட எழுத்தைக் கற்றுக்கொண்டதே இந்தக் கேட்டுகளில்தான். எச்சரிக்கையை வைத்து 'எ'வும் 'ச'வும் பிடிபட்டன. நிலய, கிருப, பாடிகெகெ என்று ஒரு தெரு முடிவதற்குள் பாதி எழுத்து வந்துவிட்டது.

விலாசம் இன்னொரு கூத்து. எங்கள் ஊரில் 1995 முதல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக ஆறு இலக்க அஞ்சல் குறியீடு உண்டு. டாக்ஸிக்காரரிடம் அந்த எண்ணைச் சொன்னால் போதும். இங்கே மெயின், கிராஸ், பழைய எண், புதிய எண், அதற்குமேல் பை ஒன்று, பை இரண்டு எல்லாம் சொன்ன பிறகு ஆட்டோக்காரர் கேட்பார்: "பக்கத்துல இன்னா இருக்குதும்மா?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராம்ப் விஷயத்தில் அந்த வாசகர் சொல்வதில் எனக்கு ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அது ஏன் வருகிறது என்று அவர் எழுதவில்லை. எங்கள் தெரு முனையில் ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது. சிவப்புக் காவித் தரை, மரச் சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டை அடித்த முகப்பு. அதன் சொந்தக்காரர் எண்பதைத் தாண்டிய பெரியவர். அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கல் உடைக்க வந்தவராம். 1809இல் கண்டோன்மென்ட் அமைத்த பிறகு பட்டாளத்தோடு சேர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள்தான் அல்சூரில் பாதி என்பது அவருடைய கட்சி. இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டி முடித்தது ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்று, தானே கூட நின்று சாந்து குழைத்தவர்போலச் சொல்வார். கட்டடம் முடிந்தது 1868இல். அவர் ஒரு நாள் என்னைத் தன் வாசலில் நிறுத்திக் காட்டினார்: "நா சின்னப் பையனா இருக்கச்சே ரோட்டுலருந்து ரெண்டு படி ஏறி வூட்டுக்குள்ள வருவோம். இப்ப ஒரு படி எறங்கி வர்றோம். வூடு எங்கயும் போவல. ரோடு வளந்துபோச்சு."

அதுதான் சங்கதி. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் தெரு உயரும், பழைய வீடு கிணறாகும். ஐப்பசி மழைக்குப் பெரியவர் வீட்டு வாசலில் சாக்குப்பை அடுக்குவார்கள். இதைப் பார்த்துப் பயந்து புதிதாகக் கட்டுகிறவர் தரையை மூன்றடி தூக்கிக் கட்டுகிறார். மூன்றடி உயரத்துக்குக் கார் ஏற வேண்டுமென்றால் சரிவு நீளமாக வேண்டும். இருப்பதோ முப்பதுக்கு நாற்பது சைட்டு, 1200 சதுர அடி. அதில் ஓர் அங்குலத்தைச் சரிவுக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? தெருவில் இறக்கிவிடுகிறார். எங்கள் வரிசையில் நான் அளந்ததில் ஒரு ராம்ப் சுவருக்கு வெளியே நான்கடி மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு ராம்ப் வேறு உயரம், அதற்கடுத்தது வேறு. வயதானவர்கள் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, போதுமடா சாமி என்று ஸ்கூட்டர் போகும் தார் ரோட்டில் இறங்கிவிடுகிறார்கள். ஆகவே ராம்ப்பை இடியுங்கள். ஆனால் இடித்த கையோடு தெருவின் உயரத்தையும் குறைக்காவிட்டால் ஆறு மாதத்தில் ராம்ப் திரும்ப முளைக்கும். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்ததிலிருந்து இதை யாரிடம் முறையிடுவது என்றுகூடத் தெரியவில்லை. எங்கள் தெரு அந்த ஐந்தில் எதில் வருகிறது என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள்.

நடைபாதை என்று நாம் சொல்வதே இங்கே பாதிக்குமேல் சாக்கடைக்குப் போட்ட மூடிதான். கருங்கல் பலகைகளை வரிசையாகப் பரப்பியிருக்கிறார்கள். தூர்வார ஒரு கல்லைத் தூக்குகிறார்கள், கேபிள் போட இன்னொன்றைத் தூக்குகிறார்கள். தூக்கியவர் போய்விடுவார், கல் சுவரோரம் சாய்ந்து நிற்கும். அந்தப் பள்ளத்தில் யாரோ ஒரு புண்ணியவான் மரக்கிளையை ஒடித்துச் செருகி வைப்பார். கிளை இருந்தால் பள்ளம் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு முறை விழ வேண்டியிருந்தது. இரண்டாம் முறை விழுந்த இடத்தில் கிளையை ஆடு தின்றுவிட்டிருந்தது.

இப்போது கல் பெஞ்சு. அந்தப் பெரியவர் வீட்டுச் சுவரை ஒட்டி வெளியே ஒரு கருங்கல் பலகை இரண்டு குத்துக்கல் மேல் கிடந்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய கல் என்றார். நீளம் ஆறடி, அகலம் 16 அங்குலம், அளந்திருக்கிறேன். உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுமினுப்பு.

எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கல் தெரியும். விடியற்காலை ஐந்தரைக்குப் பேப்பர் போடும் பையன்கள் அதில் கட்டைப் பிரித்து இணைப்பிதழைச் செருகுவார்கள். ஏழு மணிக்குப் பெரியவரும் அவர் வயதுக்காரர்கள் இருவரும். ஒருவர் தமிழ், ஒருவர் தெலுங்கு, ஒருவர் உருது. சண்டை மட்டும் கன்னடத்தில். ஒன்பதரைக்கு "சொப்போ... சொப்பு" என்று கூவிக்கொண்டு கீரைக்காரம்மா வருவார். தலைக்கூடையை அந்தக் கல்லின்மேல் இறக்கினால் குனியாமல் இறக்கலாம், ஏற்றும்போதும் இன்னொரு ஆளைத் தேட வேண்டாம். கல்லின் உயரம் அவருக்கென்றே செய்தாற்போல இருந்தது. சப்ஸிகே சொப்பு என்று ஒரு கீரை, சோம்பு வாசம் அடிக்கும், சிங்கப்பூரில் நான் சமைத்ததே இல்லை. அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் அதைப் பருப்போடு எப்படிச் சேர்ப்பது என்று அவரிடம் கற்றேன். மாடியிலிருந்து சிலர் கயிற்றில் பக்கெட் இறக்கிக் கீரை வாங்குவார்கள். அந்தக் காலச் சிங்கப்பூரில் மீ விற்கிறவன் மூங்கிலைத் தட்டி ஓசை எழுப்பியதும் மாடி ஜன்னல்களிலிருந்து கூடை இறங்கும் என்று என் அம்மா சொல்லியிருக்கிறார். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாடு கொண்டுவரும் டெலிவரிப் பையன்கள், ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்றவர் சாப்பாட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம். நாலு மணிக்கு ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் தாத்தா பாட்டிகள். ராத்திரி பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ச்மேன், பீகார்க்காரர், வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டு.

அந்தத் தெருவில் காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய ஒரே இடம் அது.

நான் குடியேறியது வீவக வீட்டுக்குப் பன்னிரண்டு வயதில். அதற்கு முன் இருந்த கடைவீட்டில் கீழே 'ஐந்தடி' என்ற நடைவழி உண்டு. தெருவை நோக்கிய ஒவ்வொரு கட்டடமும் தன் நிலத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட அகலத்தைக் கூரையோடு நடப்பவர்களுக்கு விட வேண்டும் என்று ராஃபிள்ஸ் 1822இல் போட்ட நகரத் திட்டத்திலேயே இருக்கிறது. தையல்காரரும் கிளி ஜோசியரும் பூக்கட்டுகிறவரும் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். வீவக புளோக்குகளிலும் தரைத்தளத்தை வீடு கட்டாமல் தூண்களோடு திறந்து விட்டிருப்பார்கள். மலாய்க் கல்யாணமும் சீனர் சாவும் நம் ஆள்களின் அரட்டையும் அங்கேதான். அதாவது எங்கள் ஊரில் உட்காரும் இடத்தைச் சட்டமே வாங்கிக் கொடுத்தது. வாங்கிக் கொடுத்த சட்டம்தான் என் போன்றவர்களை அனுப்பி நடைவழியில் தொட்டி வைக்காதே என்றது. இரண்டும் சேர்ந்துதான்.

இங்கேயும் அதே வெள்ளைக்காரன்தான். வீட்டுக்குப் பின்னால் மலம் அள்ளுகிறவர் வந்து போக ஒரு சந்து விடுவது இரண்டு ஊரிலும் உண்டு. சிங்கப்பூரில் வாளி எடுப்பது 1987இல்தான் ஒழிந்தது. பிரேசர் டவுன் பக்கம் அப்படிப்பட்ட ஒரு சந்தைப் பார்த்ததும் எனக்குச் சிறுவயது வாடையே அடித்தது. ஆனால் கண்டோன்மென்ட் பங்களா தெருவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நடுவில் வீடு, சுற்றிலும் தோட்டம், தெருவுக்குச் சுவரும் கேட்டும் மட்டும். ஜன்னலுக்கு மேலே கூராக நீளும் மரத் தொப்பியும் சல்லடைப் பட்டையும் கொள்ளை அழகு, ஆனால் ரோட்டில் போகிறவருக்கு எட்டிப் பார்க்கத்தான். பழைய அல்சூர்ச் சந்துகளிலும் பேட்டையிலும் திண்ணை இருந்திருக்கிறது. கன்னடத்தில் ஜகலி என்பார்கள். சின்ன மனைக்காரர்களும் பங்களாவைப் பார்த்துக் காம்பவுண்டு எழுப்பிக்கொண்டபோது திண்ணைக்கு உள்ளே இடமில்லாமல் போனது. உட்கார்ந்து பழகியவர்கள் விடவில்லை, சுவருக்கு வெளியே ஒரு கல்லைப் போட்டார்கள். பெரியவர் வீட்டுக் கல்லை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ராம்ப் போட்டவர் தன் காருக்காகப் போட்டார். கல் போட்டவர் அதில் தான் உட்கார்ந்தது ஒரு மணி நேரம், மற்ற நேரமெல்லாம் ஊர் உட்கார்ந்தது. இரண்டையும் ஒரே ஜேசிபியில் வாரச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் நாடா பொய் சொல்லாது. அந்த நடைபாதையின் அகலம் நான்கடி இரண்டு அங்குலம். கல் 16 அங்குலத்தை எடுத்துக்கொண்டால் நடக்க மிஞ்சுவது இரண்டடி பத்து அங்குலம். 1.2 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட நான்கடி. ஆக, நான் சிங்கப்பூரில் இருந்திருந்தால் அந்தக் கல்லுக்கும் நோட்டீஸ் ஒட்டியிருப்பேன். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்தக் கல்லும் இன்னொரு ராம்ப்தான். அந்த வாசகர் இதைச் சுட்டிக்காட்டினால் என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் வேறொன்று கேட்கிறேன். கல்லை உடைக்க வேண்டாம், வெளியேயும் வைக்க வேண்டாம். சுவர் கட்டும்போது ஆறடி நீளத்துக்கு 16 அங்குலம் உள்ளே வளைத்துக் கட்டி, அந்தப் பிறையில் கல்லைப் போட்டால் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக எட்டு சதுர அடி. 1200 சதுர அடியில் எட்டு. மழைநீர்த் தொட்டி வைக்காவிட்டால் வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பு கிடைக்காது என்று இந்த ஊரில் மிரட்ட முடிகிறதல்லவா? வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது இந்த எட்டு அடியையும் கேட்டால் என்ன? எல்லாத் தெருவிலும் முடியாது என்றால் தெருவுக்கு இரண்டு வீடு, மூலை மனைகளில் மட்டுமாவது. உட்காரும் இடம் வைத்தால் குடிகாரன் வந்து படுப்பான் என்று கீழ்வீட்டு அம்மா சொல்கிறார். படுப்பான்தான். எங்கள் ஊரிலும் படுத்தான். எழுப்பி அனுப்பினோம்.

இதை வெறும் யோசனையாகச் சொல்லவில்லை, கேட்டும் பார்த்தேன். பெரியவர் சென்ற வருடம் வீட்டைக் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு பில்டரிடம் கொடுத்துவிட்டு ஒயிட்ஃபீல்டில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஓட்டு வீட்டை நாலே நாளில் இறக்கினார்கள். மரச்சட்டம் ஒரு லாரியில், ஓடு ஒரு லாரியில். கல் பலகை மட்டும் இடிபாட்டில் கிடந்தது. மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காகிதத்தில் படம் வரைந்து, அளவெல்லாம் போட்டுக் கொடுத்தேன். "நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா கீழ முழுக்க கார் பார்க்கிங். தூண் இடிக்கும். இன்ஜினியர் சொல்லணும்" என்றார். இன்ஜினியர் படத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இப்போது அங்கே நாலு மாடி எழும்பிவிட்டது. ராம்ப்புக்குச் சென்டிரிங் அடித்திருக்கிறார்கள், நான்கடி வரும்போலிருக்கிறது. கல்லைக் காணோம் என்று நினைத்திருந்தேன். சென்ற செவ்வாய்க்கிழமை கீரைக்காரம்மாதான் கண்டுபிடித்தார். வாசலுக்கு நேரே சாக்கடை திறந்து கிடந்த இடத்தில் அதைக் குப்புறப் போட்டு மூடியிருக்கிறார்கள். மினுமினுப்பு கீழே போய்விட்டது. ஒரு முனையில் இருந்த பழைய உளித்தடத்தை வைத்து அடையாளம் சொன்னார். கூடையை இறக்க என்னை ஒரு கை பிடிக்கச் சொன்னார். இறக்கினோம். பிறகு அந்தக் கல்லின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சப்ஸிகே வேணுமா, தண்டு வேணுமா?" என்று கேட்டார்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து வந்த வாசகி,
ஜோகுபாளையா, பெங்களூரு.